எண்ண முடியாததை எண்ணும் ஊர்

ஓசூர் சிப்காட் வளாகத்தையும் அதை ஒட்டிய சிறுதொழில் பட்டறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வருபவர் கண்ணில் திரும்பத் திரும்பப் படும் சொல் ‘வொர்க்ஸ்’. இன்ஜினியரிங் வொர்க்ஸ், லேத் வொர்க்ஸ், வெல்டிங் வொர்க்ஸ். ஷிப்ட் முடிந்து அதே தெருக்கள் வழியே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகும் இளைஞருக்கு அங்கே சொல்லித் தருவது வேறு: ‘வொர்க்’ எண்ண முடியாத பெயர், அதற்குப் பன்மை கிடையாது, ‘எஸ்’ போட்டால் தப்பு. வெளியே வந்தால் எதிர்ப் பட்டறையின் பலகையில் அந்த ‘எஸ்’ ட்யூப்லைட் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருக்கும். பலகை எழுதியவர் தப்புச் செய்யவில்லை. ‘வொர்க்’ என்றால் வேலை. ‘வொர்க்ஸ்’ என்றால் வேலை நடக்கிற இடம். கட்டுமானப் பணிகள் என்ற இன்னொரு பொருளில், அரசின் பொதுப்பணித் துறைக்கே ஆங்கிலப் பெயரில் ‘வொர்க்ஸ்’தான் இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் என்றில்லை, தமிழ்நாடு முழுக்க ஆங்கில வகுப்புகளை ஆளும் விதி இது: அப்ஸ்ட்ராக்ட் நவுனுக்கு ப்ளூரல் இல்லை. கண்ணால் காண முடியாதது, கையால் தொட முடியாதது. ஆகவே எண்ண முடியாதது. எண்ண முடியாததற்குப் பன்மை ஏது? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விதியோடு ஒரு தடைப் பட்டியலும் சேர்ந்து வரும். இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ், எக்விப்மெண்ட்ஸ், ஃபர்னிச்சர்ஸ், மெஷினரீஸ், லக்கேஜஸ். நேர்முகத் தேர்வில் இவற்றில் ஒன்று வாயிலிருந்து விழுந்தால் போதும், ‘இங்கிலீஷ் வீக்’ என்று குறித்துவிடுவார்கள்.

இந்த விதி தவறானது. ‘சில விதிவிலக்குகள் உண்டு’ என்று ஒட்டுப்போட்டுக் காப்பாற்றக்கூடிய தவறுகூட அல்ல, அடித்தளமே தவறு.

தடைப் பட்டியலையே எடுத்துக்கொள்ளலாம். ஃபர்னிச்சரை யாரும் தொட முடியாதா? மெஷினரியைத் தொட முடியாது என்று சிஎன்சி இயந்திரத்தைக் கிரேன் வைத்து இறக்கும் ஆளிடம் சொல்லிப் பார்க்கட்டும். லக்கேஜ் தலையில் கனக்கிறது. இவை எதுவும் அப்ஸ்ட்ராக்ட் நவுனே அல்ல. ஆனாலும் ‘எஸ்’ ஏற்காது. மறுபக்கம் ஐடியா, ரீசன், ப்ராப்ளம், மெத்தட், மிஸ்டேக் ஆகியவற்றைத் தொட்டவர் உலகில் எவரும் இல்லை. அவை எல்லாமே தாராளமாக ‘எஸ்’ ஏற்கின்றன. தொட முடியுமா என்பது ஒரு கேள்வி, எண்ண முடியுமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் வகுப்பறை செய்த வேலை.

இந்தக் குழப்பத்துக்கு மூலம் எங்கே என்று தேடினால், நம் தாத்தா காலத்திலிருந்து வீட்டு அலமாரிகளில் இருக்கும் ரென்–மார்ட்டின் இலக்கண நூலில் போய் நிற்கும். (அந்த பி.சி. ரென் பம்பாய் மாகாணத்தில் கல்வி அதிகாரியாக இருந்தவர். 1924-இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற அந்நியப் படை நாவலை எழுதிப் புகழ் பெற்றவரும் அவரே.) அப்ஸ்ட்ராக்ட் நவுனுக்குப் பன்மை இல்லை என்று அந்த நூல் சொல்வது உண்மை. ஆனால் மூச்சு விடாமல் அடுத்தபடியே, இத்தகைய சொற்கள் பன்மையில் வரும்போது எண்ணக்கூடிய பொருளில் வருகின்றன என்றும் சொல்லி, ‘ப்ரோவொக்கேஷன்ஸ்’, ‘கைண்ட்னஸஸ்’ இரண்டையும் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறது. முன்னது சீண்டிய சம்பவங்கள். பின்னது அன்பாகச் செய்த காரியங்கள். விதியைச் சொன்னவர்களே விதியின் எல்லையையும் சொல்லிவிட்டார்கள். நம் வகுப்பறைகள் முதல் வரியை மனப்பாடம் செய்துவிட்டு இரண்டாவது வரிக்கு முன்பே பக்கத்தைத் திருப்பிவிட்டன.

இனி ஓசூரின் சொந்த ஆங்கிலத்துக்கு வரலாம். இங்குள்ள வாகன உதிரிபாக ஆலைகளில் ஆடிட் நாள் என்றால் காலையிலிருந்தே தரையில் கோடுகள் புதிதாகப் பளிச்சிடும், ஃபைல்கள் வரிசையாக நிற்கும். மாலையில் க்ளோசிங் மீட்டிங் முடிந்து வெளியே வருபவரைச் சக ஊழியர்கள் மடக்கிக் கேட்பது ஒரே கேள்விதான்: “என்சி எத்தனை?” மேஜர் இல்லை, மைனர் நாலு என்று பதில் வந்தால் பெருமூச்சு. என்சி என்பது ‘நான்-கன்ஃபார்மிட்டி’. ஒரு தேவை நிறைவேறாமை. இதைவிட அருவமான சொல் அகராதியில் கிடைப்பது கடினம். ‘இட்டி’ என்று முடிகிற, லத்தீன் வாசம் வீசும், கையில் பிடிபடாத சுத்தமான அப்ஸ்ட்ராக்ட் நவுன். அதைத்தான் ஓசூர் விரல் விட்டு எண்ணுகிறது. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கிறது, தேதி போட்டு மூடுகிறது. மேஜர் ஒன்று மூடப்படாமல் கிடந்தால் சான்றிதழ் நகராது.

அந்த ஆடிட்டுக்கு அடிப்படையான ஐஎஸ்ஓ 9001 தர ஆவணத்தின் 2015 பதிப்பைப் புரட்டினால் பாடம் இன்னும் தெளிவு. 10.2 பிரிவின் தலைப்பில் ‘நான்கன்ஃபார்மிட்டி’ ஒருமையில் நிற்கிறது, ஏனெனில் அங்கே பேசப்படுவது அந்த நிலைமை. உள்ளே போனால் அதே சொல் பன்மையிலும் வருகிறது, ஏனெனில் அங்கே பேசப்படுவது கண்டுபிடிக்கப்பட்ட தனித்தனிக் குறைகள். 5.3 பிரிவின் தலைப்பில் ரோல்ஸ், ரெஸ்பான்சிபிலிட்டீஸ், அதாரிட்டீஸ் மூன்றும் பன்மை. 6.1-இல் ரிஸ்க்ஸ், ஆப்பர்ச்சுனிட்டீஸ். ஆனால் 7-ஆம் பிரிவுக்கு வந்தால் காம்பிடென்ஸ், அவேர்னஸ், கம்யூனிகேஷன் வரிசையாக ஒருமை; ‘டாக்குமெண்டட் இன்ஃபர்மேஷ’னும் ஒருமை. அத்தனையும் அப்ஸ்ட்ராக்ட் நவுன்கள்தான். ஒரே ஆவணத்தில் பாதிக்கு ‘எஸ்’ உண்டு, பாதிக்கு இல்லை. வகுப்பறை விதி சரியென்றால், உலகம் முழுவதும் தொழிற்சாலைகள் தலையில் வைத்துக் கொண்டாடும் இந்த ஆவணத்தில் சிவப்பு மையால் பாதியை அடிக்க வேண்டியிருக்கும்.

டாலரன்ஸ் கதை இன்னும் சுவையானது. மேடையில் ஒருவர் மதச் சகிப்புத்தன்மை பற்றிப் பேசும்போது ‘டாலரன்ஸ்’ என்பார். அதற்குப் பன்மை இல்லை. சகிப்புத்தன்மை நிறைய இருக்கலாம், கொஞ்சம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதே சொல் டிராயிங் தாளுக்கு வந்ததும் குணம் மாறுகிறது. தாளின் மூலையில் ‘ஐஎஸ்ஓ 2768-எம்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். தனியாக அளவு வரம்பு குறிக்கப்படாத இடங்களுக்கு மீடியம் வகுப்பு வரம்பைப் பின்பற்று என்பது அதன் பொருள். அதன்படி 6 முதல் 30 மில்லிமீட்டர் வரையுள்ள அளவுக்கு ±0.2, அதைத் தாண்டி 120 வரை ±0.3, அதற்கு மேல் 400 வரை ±0.5. ஒரே பாகத்தில் மூன்று வெவ்வேறு டாலரன்ஸ் வந்துவிட்டது. எனவேதான் அந்த ஆவணத்தின் தலைப்பிலேயே ‘டாலரன்சஸ்’ என்று பன்மை. ஐடிஐ முடித்து லேத்தில் நிற்கும் பையனுக்கு இது தெரியும். மைக்ரோமீட்டரைத் துடைத்தபடியே அவன் அப்ஸ்ட்ராக்ட் நவுனுக்குப் பன்மை போட்டுக்கொண்டிருக்கிறான். மாலை வகுப்பில் அவனுக்குச் சொல்லித்தருவது அப்படிப் போடக் கூடாது என்று.

மனிதக் குணமாக இருந்த சொல் அளவாக மாறியதும் எண்ணிக்கைக்குள் வந்துவிடுகிறது. பிரஷர், டெம்பரேச்சர், ஸ்ட்ரெஸ், ஃபெயிலியர் எல்லாமும் ஆலையில் இப்படியே எண்ணப்படுகின்றன. இங்கே சொல் எந்த இனம் என்று கேட்டுப் பயனில்லை. இந்த வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். பரந்து கிடக்கும் ஒரு தன்மையா, அல்லது விளிம்பு கட்டப்பட்ட ஒரு சம்பவமா, வகையா, விளைவா? விளிம்பு விழுந்தால் ‘எஸ்’ வரலாம். வந்தே தீர வேண்டும் என்றும் இல்லை. இந்திய அரசமைப்பின் முகப்புரை சமூக, பொருளாதார, அரசியல் என்று மூன்று நீதிகளைச் சொல்கிறது; ஆனாலும் ‘ஜஸ்டிஸ்’ ஒருமையிலேயே நிற்கிறது, மூன்றும் ஒன்றின் முகங்கள் என்பதுபோல. 1941 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய ரூஸ்வெல்ட்டோ பேச்சுச் சுதந்திரம், வழிபாட்டுச் சுதந்திரம், வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை என்று நான்கைப் பிரித்து வைத்தார். அவை ‘ஃபோர் ஃப்ரீடம்ஸ்’ என்றே வரலாற்றில் பதிந்தன. பிரிப்பதும் சேர்ப்பதும் பேசுபவர் கையில் இருக்கிறது.

‘எஸ்’ஸை விட்டுவிட்டால் பாதுகாப்பு, சந்தேகம் வந்தால் ஒருமையே போடு என்ற அறிவுரை பணத்துக்கே வேட்டு வைக்கும் இடங்களும் உண்டு. பர்ச்சேஸ் ஆர்டரில் ‘எல்டி’ என்று ஒரு நிபந்தனை வரும். சரக்குத் தாமதமானால் வாரத்துக்கு இத்தனை சதவீதம் பிடித்தம். ஓசூரில் சப்ளை செய்யும் எந்தச் சிறு முதலாளியிடமும் கேட்டால் எல்டியில் போன பணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் புலம்புவார். அதன் முழு வடிவம் ‘லிக்விடேட்டட் டேமேஜஸ்’. ‘டேமேஜ்’ என்றால் சேதம். ‘டேமேஜஸ்’ என்றால் இழப்பீட்டுத் தொகை. கிருஷ்ணகிரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரி மோதி பம்பர் நசுங்கினால் அது டேமேஜ். அதற்காக நீதிமன்றம் கொடுக்கச் சொல்வது டேமேஜஸ். ஓர் எழுத்தில் நசுங்கிய தகரம் ரூபாயாகிவிடுகிறது.

தடைப் பட்டியலில் முன்வரிசையில் நிற்கும் ‘அட்வைஸ்’கூட அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குள் நுழைந்தால் நடத்தை மாறுகிறது. பணம் அனுப்பியதைத் தெரிவிக்கும் சீட்டு ‘பேமெண்ட் அட்வைஸ்’. மாதக் கடைசியில் அது ஒன்றல்ல, ஒரு கட்டு. அவற்றை ‘பேமெண்ட் அட்வைசஸ்’ என்று சொல்வதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. வணிக ஆங்கிலத்தின் பழைய வழக்கு அது. 2017 ஜூலை 1-இல் வந்து, மாநில எல்லைகளில் வணிகவரிச் சாவடிகளின் முன் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலத்தை முடித்துவைத்த வரியின் பெயரிலும் ‘குட்ஸ்’, ‘சர்வீசஸ்’ என்று இரண்டு பன்மைகள். நன்மை என்ற பொருளுள்ள ‘குட்’ சரக்காகிவிட்டது, சேவை விலைப்பட்டியல் ஆகிவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் வந்தால் கல் வணிகப் பலகைகளில் ‘கிரானைட்ஸ்’ என்று எழுதியிருப்பதைக் கேலி செய்பவர்களும் உண்டு. பொருட்பெயருக்கு எஸ் ஏன் என்று. நிறம் நிறமாக, புள்ளி புள்ளியாக வகை பிரித்து விற்கிற பொருளுக்கு வகைப் பன்மை வருவது இயல்பு. உலோகவியல் நூல்களில் ‘ஸ்டீல்ஸ்’ வருவதும் அப்படித்தான்.

பணத்தைவிடக் கனமான எடுத்துக்காட்டும் சட்டத்தில் இருக்கிறது. அரசமைப்பின் 17-ஆவது பிரிவு ‘அன்டச்சபிலிட்டி’யை ஒழித்தது. ஒருமை. தீண்டாமை என்பது ஒரு நிலை, ஒரு நோய். அதை முழுசாகத் தூக்கி எறிய வேண்டும், எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் 1955-இல் அதற்குத் தண்டனைச் சட்டம் எழுத உட்கார்ந்தபோது பெயரில் ‘அஃபென்சஸ்’ என்று பன்மை வந்தது. 1976 திருத்தம் அந்தச் சட்டத்தின் பெயரை மாற்றியபோதும் ‘சிவில் ரைட்ஸ்’ என்று பன்மையே. 1989 சட்டத்தில் ‘அட்ராசிட்டீஸ்’, வன்கொடுமைகள். அருவமான கொடூரம் அங்கே செயல்செயலாகப் பிரிக்கப்பட்டுப் பட்டியலிடப்படுகிறது, ஏனெனில் காவல் நிலையத்தில் பதிவாக வேண்டியது நடந்த செயல். பன்மை விகுதி போடாமல் ஒரு குற்றப்பத்திரிகை எழுத முடியாது. தொழிலாளருக்காக 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்தின் பெயரிலும் இதே கூட்டு: சேஃப்டி, ஹெல்த் இரண்டும் ஒருமை, ஆனால் ‘வொர்க்கிங் கண்டிஷன்ஸ்’ பன்மை.

இத்தனையும் தமிழ் மாணவருக்குப் புதிதா? இல்லவே இல்லை. ‘மை’ என்று முடியும் நம் பண்புப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம். உரிமைகள் என்கிறோம், கடமைகள் என்கிறோம், திறமைகள், உண்மைகள், கொடுமைகள் என்கிறோம். பொறுமைகள் என்று யாராவது சொல்கிறார்களா? வறுமைகள்? நேர்மைகள்? காது உடனே மறுக்கிறது. ஒரே விகுதி, ஒரே சொல்லினம். ஆனாலும் எதற்குக் ‘கள்’ ஒட்டும், எதற்கு ஒட்டாது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், யாரும் சொல்லித் தராமலே. இப்போது ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்தால் வியப்பு. உரிமைகளுக்கு ரைட்ஸ், கடமைகளுக்கு ட்யூட்டீஸ், திறமைகளுக்கு எபிலிட்டீஸ், உண்மைகளுக்கு ட்ரூத்ஸ், கொடுமைகளுக்கு க்ருவெல்ட்டீஸ். பேஷன்ஸ், பாவர்ட்டி, ஆனஸ்ட்டி மூன்றும் அங்கேயும் ‘எஸ்’ஸை ஏற்பதில்லை. ‘எத்தனை’ என்று கேட்கிற இடமும் ‘எவ்வளவு’ என்று கேட்கிற இடமும் இரு மொழியிலும் பெரும்பாலும் ஒன்றாகவே விழுகின்றன. எவ்வளவு பொறுமை, எத்தனை உரிமைகள். அப்ஸ்ட்ராக்ட் நவுனுக்குப் பன்மை இல்லை என்று சொல்லித்தருகிற ஆசிரியர், மாணவர் கையோடு கொண்டுவந்த அறிவைப் பிடுங்கி வாசலில் போட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறார்.

இரு மொழியும் பிரியும் இடங்கள் உண்டு. அங்கேதான் உண்மையான சிக்கல். தமிழில் தகவல்கள், அறிவுரைகள், ஆராய்ச்சிகள், முன்னேற்றங்கள், சான்றுகள், வீட்டுப்பாடங்கள். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ரிசர்ச், ப்ராக்ரஸ், எவிடென்ஸ், ஹோம்வொர்க் எல்லாம் பொதுவழக்கில் ஒருமை. ஓசூரில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கேண்டீன் மேசையில் உட்காருகின்றன. தெலுங்கர் ‘விவராலு’ என்கிறார், கன்னடர் ‘மாஹிதிகளு’ என்கிறார், உருதுக்காரர் சொல்லும் ‘மாலூமாத்’ பிறக்கும்போதே அரபிப் பன்மை. நான்கு மொழியும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் ஊரில் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று ஒருவர் மின்னஞ்சலில் எழுதினால், அது அறியாமையால் வந்த பிழை அல்ல, பழக்கத்தால் வந்தது. அந்த மின்னஞ்சலைப் பெறும் ஜெர்மன் வாடிக்கையாளரும் தன் மொழியில் ‘இன்ஃபர்மட்சியோனன்’ என்று பன்மையில்தான் பேசுகிறார், பிரெஞ்சுக்காரரும் அப்படியே. ஆங்கிலேயர்களின் சொந்த நீதிமன்ற வழக்கிலேயே குற்றச்சாட்டு மனு என்ற பொருளில் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ உண்டு. ஆக, அந்தச் சொல் எண்ணிக்கைக்கு அடங்காதது என்று இயற்கை விதிக்கவில்லை. இன்றைய பொது ஆங்கிலம் அப்படி வைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் வலுவான பதில் ஒன்று உண்டு. தொடக்க நிலையில் இருப்பவருக்கு இத்தனை நுணுக்கம் தாங்காது. எளிய விதி ஒன்றைக் கொடுத்துவிடு, பிழை குறையும், மார்க் வரும். நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். தமிழ் மாணவரை வழுக்கிவிடும் சொற்கள் தொட முடிந்தவை, முடியாதவை எல்லாம் சேர்த்து இருபதோ முப்பதோ தேறும். அவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம், ஒரு வாரத்தில் பழகிவிடும். அதற்குப் பதிலாக, ‘எஸ்’ ஏற்கும் நூற்றுக்கணக்கான சொற்களையும் சேர்த்துத் தடைசெய்யும் விதியைக் கொடுப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. அந்த விதியை நம்பியவர் ‘மெனி டிஃபிகல்ட்டி’ என்று எழுதுகிறார், ‘ஆல் ரெஸ்பான்சிபிலிட்டி’ என்று எழுதுகிறார். இல்லாவிட்டால் ‘எஸ்’ வருமோ வராதோ என்று நடுங்கி வாக்கியத்தையே விழுங்கிவிடுகிறார். நேர்முக அறையில் தெரியும் அந்த மௌனத்தில் பாதி இப்படி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், தடைப் பட்டியலைக் காட்டிப் பயமுறுத்தும் கார்ப்பரேட் பயிற்சிகளில் கடைசி ஸ்லைடின் தலைப்பு பெரும்பாலும் ‘கீ லேர்னிங்ஸ்’. இடையிடையே காம்பிடென்சீஸ், பிஹேவியர்ஸ், சினர்ஜீஸ். வருட அட்டவணையில் ‘ட்ரெயினிங்ஸ்’. பழைய இலக்கணப்படி லேர்னிங்குக்கும் ட்ரெயினிங்குக்கும் பிஹேவியருக்கும் பன்மை கிடையாது. டிப்ளமா முடித்த பெண் ‘எக்விப்மெண்ட்ஸ்’ என்றால் பிழை. அதிகாரி ‘லேர்னிங்ஸ்’ என்றால் ஸ்டைல். ‘மெயில்’ எண்ண முடியாததாக இருந்தும் ‘இமெயில்ஸ்’ உலகம் முழுக்க நிலைத்துவிட்டதைப் போல லேர்னிங்ஸும் ஒருநாள் நிலைத்துவிடலாம். அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் மொழி மாறும் உரிமை மேசையின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் எப்படி வந்தது?

‘எக்விப்மெண்ட்ஸ்’ இன்றைக்கும் திருத்தப்பட்ட ஆங்கிலத்தில் ஏற்கப்படுவதில்லை. வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தில் அதைத் திருத்தத்தான் வேண்டும். திருத்தும்போது காரணத்தைச் சரியாகச் சொன்னால் போதும். அது அப்ஸ்ட்ராக்ட் என்பதால் அல்ல; ஆங்கிலம் அதைத் தொகுதியாக வைத்துப் பார்க்கிறது என்பதால்.

ஓசூரில் ஆங்கிலம் சொல்லித்தருபவர்கள் நாளைய வகுப்புக்குக் கையேட்டை எடுத்துச் செல்ல வேண்டாம். மாணவர் வேலை செய்யும் ஆலையிலிருந்து பழைய டிராயிங் தாள் ஒன்றையும் ரகசியம் இல்லாத ஆடிட் படிவம் ஒன்றையும் கேட்டு வாங்கட்டும். அவற்றில் எங்கே ‘எஸ்’ இருக்கிறது, எங்கே இல்லை, ஏன் என்று மாணவர்களையே தமிழில் சொல்ல விடட்டும். நேரம் மிச்சமிருந்தால், அவர்கள் தினமும் நுழைகிற வாசலின் பெயரையும் விரித்துக் காட்டலாம். ‘இண்டஸ்ட்ரி’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் உள்ள பழைய பொருள்களில் ஒன்று விடாமுயற்சி, உழைப்பு. எண்ணவே முடியாத குணம். 1971-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ‘ஸ்டேட் இண்டஸ்ட்ரீஸ் ப்ரமோஷன் கார்ப்பரேஷன் ஆஃப் தமிழ்நாடு’. சுருக்கமாக, சிப்காட்.